வெறும் வயிற்று விரதம்

என் தம்பியைச் சாமியாராக்கியது எங்கள் அத்தை. அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், பினாங்கில், டத்தோ கிராமாட் ரோட்டுக்குப் பின்புறம் ஒரே வரிசை வீடுகளில் நாங்கள் ஒரு கோடியிலும், மாமாவும் அத்தையும் நாலு வீடு தள்ளியும் இருந்தோம். மாமா எங்கள் அம்மாவோடு பிறந்தவர். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் நல்லது கெட்டது பார்க்க அவர்களை விட்டால் ஆளில்லை. அவர்களும் பார்க்காத நாளில்லை. தொல்லையே அதுதான்.

தம்பிக்கு எச்.ஐ.வி. இருப்பது எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. எப்படி வந்தது என்று இதைப் படிக்கும்போதே சிலர் மனசுக்குள் கேட்டிருப்பீர்கள். நான் அவனிடம் கேட்டதில்லை, உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. காய்ச்சல் வந்தது, இருமல் வந்தது, எலும்பும் தோலுமாக ஆனான், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், தெரிந்தது. நல்ல வேளையாகப் புதிய மாத்திரைகள் வந்திருந்த சமயம். ஒழுங்காகச் சாப்பிட்டால் உயிரோடு இருக்கலாம் என்றார் டாக்டர். சீனப் பெண்மணி, கெட்டிக்காரர், நல்ல மனசு. ஆனால் அந்த ‘ஒழுங்காக’ என்ற சொல்லை அவர் எவ்வளவு சுலபமாகச் சொன்னார் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

ஒரு மாத்திரை எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வெறும் வயிற்றில். வெறும் வயிறு என்றால் அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் எதுவும் உள்ளே போயிருக்கக் கூடாது, பின்னால் ஒரு மணி நேரம் போகக் கூடாது. சிறுநீரகத்தில் கல் சேராமலிருக்க நாள் முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். இன்னொரு மாத்திரை, கேரம் போர்டு காய் மாதிரி இருக்கும், சுண்ணாம்பைக் கடிப்பது போல மென்று தின்ன வேண்டியது. அதுவும் வெறும் வயிற்றில்தான், ஆனால் முதல் மாத்திரையோடு சேரவே கூடாது, நடுவில் இடைவெளி விட வேண்டும். மூன்றாவது ஒன்று இருந்தது. அதற்கு மட்டும் யாரோடும் சண்டையில்லை. ஒரு வேளை தவறினால் கூட கிருமி தலைதூக்கும், அடிக்கடி தவறினால் அது மருந்துக்குப் பழகிப்போய் மருந்து வேலையே செய்யாது என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

இவர் ஒரு நாளாவது ஒரு தமிழ் வீட்டில் இருந்து பார்த்திருக்க வேண்டும். எங்கள் வீடுகளில் எந்த நேரத்தில் ஐயா வயிறு காலியாக இருக்கும்? காலையில் எழுந்ததும் தேத்தண்ணி, அதோடு பிஸ்கட். பத்து மணிக்கு யாராவது வந்தால் வடை. வந்தவர் போகும்போது ‘ஒண்ணுமே சாப்பிடலியே’. காலை ஆறு, மத்தியானம் இரண்டு, இரவு பத்து என்று முதலில் நேரம் வைத்தோம். மத்தியானம் இரண்டு என்றால் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வாயைக் கட்ட வேண்டும், ஊரே சாப்பிடுகிற நேரம் அதுதான். சரி, நேரத்தைத் தள்ளி வைப்போம் என்று மாற்றினால் காலைத் தோசை மாட்டிக்கொண்டது. இன்னும் தள்ளினால் ராத்திரிச் சாப்பாடு மாட்டியது. எப்படித் திருப்பினாலும் ஏதோ ஒரு சாப்பாடு குறுக்கே வந்து நின்றது. கடைசியில் பழைய நேரத்துக்கே திரும்பினோம். அவன் வேலை செய்த பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எட்டு மணி நேர ஷிஃப்ட். மாத்திரைக்குப் பொருத்தமான இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அங்கே மணியடித்தால் விழுங்கலாம், யாரும் பக்கத்தில் வந்து ஒரு வாய் சாப்பிடு என்று சொல்ல மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை வீட்டில் சாப்பாடு. அது எங்கள் அம்மா காலத்திலிருந்து மாறாத வழக்கம். மருந்து ஆரம்பித்த பிறகு தம்பி போனான், உட்கார்ந்தான், பசியில்லை என்றான், தண்ணீர் மட்டும் கேட்டான். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். பியரை டாக்டர் நிறுத்தச் சொல்லியிருந்ததால் மாமா கண்ணாடி டம்ளரை நீட்டியபோதும் வேண்டாமென்று தலையாட்டினான். உடம்பு மெலிந்திருந்தது. அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தான். தண்ணீர், மறுபடியும் தண்ணீர். நான் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன், அத்தை இதோ கேட்கப்போகிறார், இதோ கேட்கப்போகிறார் என்று.

அத்தை கேட்கவில்லை. கண்டுபிடித்துவிட்டார். தைப்பூசத்துக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. சோற்றுக் கரண்டியோடு நின்றவர் திடீரென்று அதைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“தம்பி, நீ விரதம் எடுத்திருக்க. சொல்லக் கூடாதுன்னு வேண்டுதல். அதானே?”

தம்பி என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தான். பேசாமல் இருந்ததே அத்தைக்குப் போதுமாக இருந்தது. மௌன விரதமும் சேர்த்து எடுத்திருக்கிறான் பார் என்று மாமாவிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்கு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும். யாரும் சாப்பிடச் சொல்லவில்லை, யாரும் துருவவில்லை, மத்தியான மாத்திரையை அவன் சாமியறைப் பக்கம் போய் நிம்மதியாக விழுங்கினான். அந்த நிம்மதி ஒரு வாரம் கூட நிற்கவில்லை. மாமா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி ஏற்பாடு செய்யக் கிளம்பிவிட்டார். அலகு குத்துகிறவரிடம் பேசியாகிவிட்டது, நாக்கில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, முதுகில் கொக்கி என்றார். தம்பி முகம் வெளிறிப்போய் வீட்டுக்கு வந்தான். வலிக்குப் பயந்து அல்ல. அவன் ரத்தம் இன்னொருவர் விரலில் படுவதை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. உடம்பு தாங்காது மாமா, பால்குடம் போதும் என்று கெஞ்சினான். எவ்வளவு அடக்கம் பார் என்று அதற்கும் ஒரு பாராட்டு கிடைத்தது.

பால்குடம் எடுத்தான். வெயிலில் படியேறினான். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், கையில் கையில் தண்ணீர் கொடுக்கிறார்கள். மத்தியான மாத்திரையை அங்கே நின்றே விழுங்கிவிட்டு மேலே போனான். அவன் நோய்ப்பட்ட பிறகு அவனை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது அன்றைக்குத்தான். பூசம் முடிந்தது, விரதமும் முடிந்தது, இனி வேறு ஏதாவது காரணம் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அத்தைக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவன் மத்தியானச் சாப்பாட்டைத் தொடாததைப் பார்த்து, இது பூசத்தோடு முடிகிற வேண்டுதல் இல்லை என்று தீர்மானித்துவிட்டார். வரிசை வீடுகள் முழுக்கச் செய்தி போயிற்று. பூசம் முடிந்தும் விடாத பிள்ளை.

அப்புறம் எங்கள் பாடு திண்டாட்டம். மருந்து நேரம் போக மீதி நேரத்தில் அவன் நன்றாகச் சாப்பிட வேண்டும், உடம்பு தேற வேண்டும், மீன், முட்டை, கோழி எல்லாம் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விரதக்காரன் வீட்டில் மீன் பொரித்தால் வாசனை நாலு வீடு போகுமே. நான் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, பினாங்கு வெக்கையில் வியர்த்து வழிய, திருடி மாதிரி மீன் பொரித்தேன். அப்படியும் ஒரு நாள் அத்தை வாசலில் வந்து நின்று மூக்கை உறிஞ்சினார். நான்தான் சாப்பிடுகிறேன் என்றேன். சாமி இருக்கிற வீட்டில் இந்த வாய்க்கட்டு கூட உனக்கு இல்லையா என்று எனக்கு ஏச்சு விழுந்தது. கறி போட்ட நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தை அலுவலகப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து பூஜை பிரசாதம் மாதிரி அவனிடம் கொடுத்த நாட்கள் எத்தனையோ.

அத்தை அவனுக்கென்று ஒரு வெள்ளி டம்ளர் வாங்கினார். அவன் தண்ணீர் குடிக்க மட்டும். வேறு யார் வாயும் படக் கூடாது என்று சாமியறைத் தட்டில், விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அவன் வந்தால் அதைக் கழுவி இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்து கொடுப்பார். எதிர்வீட்டுக்காரி தன் கைக்குழந்தையைத் தூக்கி வந்து இவன் கையால் விபூதி பூசச் சொன்னாள். அவன் பூசினான். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாவுக்கு விஷயம் தெரிந்தால் குழந்தையை என் நிழலில் கூட விட மாட்டாள் அக்கா என்றான். பைராம் தோட்டத்தில் அத்தைக்கு ஏதோ உறவு, அங்கேயிருந்து ஒரு பெண்ணின் ஜாதகம் கூட வந்தது. குடியில்லை, சாமி பக்தி உண்டு, வேறென்ன வேண்டும் என்றார்களாம். அந்த ஜாதகத்தை நான் திருப்பிக் கொடுக்கப் பட்ட பாட்டுக்கு நான்தான் ஒரு பால்குடம் எடுத்திருக்க வேண்டும்.

அவனுக்கு இதெல்லாம் பெரிசில்லை. அவனை அறுத்தது வேறு. பிறந்ததிலிருந்து அவன் பந்தியில் உட்காருகிற ஆள். மாமா வீட்டு மச்சான்களோடு தோளோடு தோள் இடித்துக்கொண்டு, அடுத்தவன் இலையிலிருந்து அப்பளம் எடுத்து, கிண்டல் பண்ணி, கடைசி ஆளாக எழுந்திருக்கிறவன். இப்போது எல்லோரும் சாப்பிடும்போது அவன் மட்டும் நாற்காலியில் தனியாக, வெள்ளி டம்ளரோடு. மச்சான்கள் கூட அவன் எதிரில் கெட்ட வார்த்தை பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அவனுக்கு மரியாதை வந்துவிட்டது, சிநேகிதம் போய்விட்டது.

பத்து காவான் தோட்டத்தில் அவன் தொழிற்சாலைச் சிநேகிதன் ஒருவனுக்குக் கல்யாணம். எனக்கு அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை, அவன் மட்டும் முதல் நாளே போனான். திரும்பி வந்தபோது சட்டையில் குழம்புக் கறை, முகத்தில் பழைய சிரிப்பு. நான் நேரே உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். மாத்திரைப் புட்டிகள் வைத்த இடத்திலேயே இருந்தன. அவன் எடுத்துக்கொண்டே போகவில்லை.

நான் கத்திய கத்தலை இங்கே எழுத மாட்டேன். அவன் முழுக்கக் கேட்டான். பிறகு சொன்னான்.

“அங்க யாருக்கும் நான் விரதக்காரன்னு தெரியாதுக்கா. பந்தியில உக்காந்தேன். மூணு தடவ கறி வாங்கித் தின்னேன். செத்தாலும் பரவால்ல, ஒரு நாளாச்சும் எல்லாரோடையும் உக்காந்து சாப்பிடணும்னு இருந்துச்சு.”

அதற்கு முன்னாலும் பல மத்தியானங்களை அவன் விட்டிருக்கிறான் என்பது அப்புறம்தான் வெளியே வந்தது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் கிருமி ஏறியிருந்தது. டாக்டர் முன்னால் நான் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தேன், பரீட்சையில் தோற்ற பிள்ளையின் தாய் மாதிரி. டாக்டர் திட்டவில்லை. எந்த வேளை தவறுகிறது என்று மட்டும் கேட்டார். மத்தியானம் என்றான். ஏன் என்றார். அவன் ஆங்கிலமும் மலாயும் கலந்து அத்தை, விரதம், பால்குடம், வெள்ளி டம்ளர் எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் முதலில் சிரித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படி ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு மனுஷனைத் திருத்தப் பார்ப்பது தப்பு, மருந்தைத்தான் மாற்ற வேண்டும் என்றார். அப்பாடா, ஒருவழியாக ஒருவருக்கு விளங்கியதே என்று எனக்கு இருந்தது.

மாற்றினார். இரண்டு மருந்தை ஒன்றாகச் சேர்த்த ஒரே மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அதோடு படுக்கும்போது வேறொரு மருந்து. அவ்வளவுதான். மத்தியானம் என்ற வேளையே இல்லை. முன்னால் இரண்டு மணி, பின்னால் ஒரு மணி என்ற கணக்கெல்லாம் இல்லை. இவ்வளவு லேசாக இருக்க முடியும் என்றால் இதை முதலிலேயே செய்து தொலைத்திருக்கக் கூடாதா என்று எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, சந்தோஷம் அப்புறம்தான். படுக்கும்போது போடுகிற மருந்தால் கண்டபடி கனவு வரும் என்று சொல்லியிருந்தார்கள், வந்தது. கனவில் வாழையிலை வருகிறது, யாரும் பரிமாற வரவே மாட்டேன் என்கிறார்கள் என்று காலையில் எழுந்து புலம்புவான். கொஞ்ச நாளில் அதுவும் அடங்கியது. அடுத்த பரிசோதனையில் கிருமி கண்ணுக்கே அகப்படவில்லை.

தீபாவளி வந்தது. அத்தை வீட்டில் மத்தியானச் சாப்பாடு, ஆட்டுக்கறி, எல்லா மச்சான்களும் தரையில் பந்தியாக உட்கார்ந்திருந்தார்கள். தம்பி நாற்காலிப் பக்கம் போகவில்லை. இரண்டு பேருக்கு நடுவில் இடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான், இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தான். அத்தை சாமியறையிலிருந்து வெள்ளி டம்ளரில் பாலும், ஒரு தட்டில் வாழைப்பழமும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்.

“எனக்கு ஆட்டுக்கறி போடுங்கத்த.”

அத்தை சிரித்தார். சாமி விளையாடுது பாருங்கலா என்றார். மச்சான்களும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அவன் என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

“எனக்கு விரதம் இல்லத்த. எப்பவுமே இல்ல. எனக்கு எச்.ஐ.வி. மருந்துக்காகத்தான் வயித்தக் காலியா வச்சிருந்தேன். இப்ப மருந்து மாத்திட்டாங்க. எல்லாரோடையும் சாப்பிடலாம்.”

எய்ட்ஸா என்று மாமா கேட்டார். அது வராமல் இருக்கத்தான் மருந்து மாமா என்றான். மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். பக்கத்திலிருந்த மச்சான்களில் ஒருவன் கொஞ்சம் நகர்ந்தான், ஒருவன் நகரவில்லை. அத்தை கரண்டியோடு அப்படியே நின்றார். பிறகு குனிந்து, குனிந்ததிலும் பாதிதான் குனிந்து, இலையில் கரண்டி படாமல் மேலேயிருந்து கறியை ஊற்றினார். அவன் பிசைந்து சாப்பிட்டான். இன்னொரு தடவை கேட்டு வாங்கினான்.

அத்தை கெட்டவர் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து அவனைப் பார்த்து அழுதார், உண்மையான அழுகைதான். அந்த வாரத்திலிருந்து ஆட்டுக்கறி, கோழிக்கறி, மீன் குழம்பு என்று செய்து கொடுத்தனுப்ப ஆரம்பித்தார், விரத காலத்துக் கணக்கையெல்லாம் சேர்த்துத் தீர்க்கிற மாதிரி. ஆனால் எல்லாம் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில். டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், வீசிருலா என்று ஒவ்வொரு தடவையும் சொல்லியனுப்புவார். சாப்பிடுகிற பாத்திரத்தால் இது தொற்றாது என்று நான் எடுத்துச் சொன்னேன். எனக்குத் தெரியாதா என்றார். அடுத்த நாளும் ஐஸ்கிரீம் டப்பாதான் வந்தது. எங்கள் சமையலறை அலமாரி திறந்தால் டப்பாக்கள் தலையில் விழுந்தன.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மறுபடி கூப்பிடுவார்களா என்று நான் சந்தேகப்பட்டேன். கூப்பிட்டார்கள். போனோம். தம்பி தாகமாக இருக்கிறது என்று பழக்கத்தில் சாமியறைப் பக்கம் பார்த்தான். தட்டில் விபூதிக் கிண்ணம் இருந்தது, டம்ளர் இல்லை. அத்தை என்னைப் பார்க்காமல், அவனையும் பார்க்காமல், தம்பி டம்ளர் பின்னால இருக்கு என்றார். நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். துணி துவைக்கிற குழாய்க்கு மேலே, சவர்க்காரப் பெட்டிக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் மாட்டிய பிளாஸ்டிக் பைக்குள் அது இருந்தது. அதே டம்ளர். அன்றைக்கும் வேறு யார் வாயும் படக் கூடாது, இன்றைக்கும் வேறு யார் வாயும் படக் கூடாது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மருந்தை லேசாக்க உலகத்தில் எங்கெங்கோ எத்தனையோ பேர் மண்டையை உடைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள். எட்டு மணி நேரத்தை ஒழித்தார்கள், வெறும் வயிற்றை ஒழித்தார்கள். இந்த ஆணியை ஒழிக்க எந்த டாக்டரிடம் போவது? தம்பி என் பின்னாலேயே வந்து நின்றிருந்தான். பையைப் பார்த்தான். டம்ளரை எடுத்துக் குழாயில் கழுவி, தண்ணீர் பிடித்துக் குடித்தான். விடுக்கா, பசிக்குது, இலை போட்டாச்சு என்றான்.

அவன் உள்ளே போய்ப் பந்தியில் உட்கார்ந்தான். அன்றைக்கு முழுச் சாப்பாடும் சாப்பிட்டான், கடைசி ஆளாக எழுந்தான். நகராத அந்த மச்சான் அவன் இலையிலிருந்து அப்பளத்தை எடுத்தான். நான் கிளம்பும்போது பின்பக்கம் போய், ஈரத்தோடு அந்த டம்ளரை எடுத்து என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இரவு மருந்தை அவன் இப்போதும் அதில்தான் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறான். ஒரு கரண்டி காணாமல் போனாலும் வீட்டையே புரட்டிப் போடுகிறவர் அத்தை. அந்த வெள்ளி டம்ளர் எங்கே என்று அவர் என்னிடம் கேட்டதே இல்லை.